சூடம் கொளுத்தாத வீடு: சுங்கை சிப்புட்டில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்

கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலில் காலை ரயில் ஏறி ஈப்போவில் இறங்கும்போது பத்தரை மணி. பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, காரோடு வந்து நின்றார். அங்கிருந்து சுங்கை சிப்புட் முப்பது கிலோமீட்டருக்கு உள்ளேதான். வழியெல்லாம் சுண்ணாம்புக் குன்றுகள், சிலதைப் பாதிக்குமேல் வெட்டி எடுத்துவிட்டார்கள், வெள்ளையாக வயிறு தெரிகிறது. "அடுத்த தடவ நீ வர்றப்போ இதெல்லாம் இருக்குமோ என்னவோ" என்றார் அண்ணன். நான் வந்து பதினோரு வருடம் ஆகிறது என்பதைக் குத்திக் காட்டுகிறார், புரிந்தது.

ஊர் தெரியாதவர்களுக்காக: சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. 1948 ஜூன் 16ஆம் தேதி இங்கே எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள், அதைத் தொடர்ந்துதான் 1960 வரை நீண்ட அவசரகாலம் வந்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தனின் ஊரும் இதுவே. அவர் முயற்சியில் 1954இல் எழும்பிய மகாத்மா காந்தி கலாசாலையில்தான் என் அம்மா படித்தார். அம்மா போன வருடம் தவறிவிட்டார். அதனால்தான் இந்த ஆடித் திருவிழாவுக்காவது போய்விட வேண்டும் என்று ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை தீமிதி.

பெரியம்மாவுக்கு 84 வயது, அம்மாவுக்கு ஆறு வயது மூத்தவர். "பசியாறிட்டியா ஆயி?" என்று கேட்ட கையோடு பதிலுக்குக் காத்திராமல் தோசைக்கல்லைப் போட்டுவிட்டார். கண் கொஞ்சம் மங்கல், மூச்சு கொஞ்சம் இழுப்பு, வாய் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறது.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனோம். தோட்டம் என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். பால்மரம், அதாவது ரப்பர், ஒன்றுகூட இல்லை, கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து வருடக்கணக்காகிறது, ஜனம் எல்லாம் டவுன் பக்கம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையின் சிமெண்டுத் தரை, ஒரு மாமரம், கோயில், மிச்சம் இவ்வளவுதான். கோயிலில் நடுவில் மாரியம்மன், இடது பக்கம் தனிச் சந்நிதியில் திரௌபதை அம்மன். அந்தக் காலத்தில் தென்னார்க்காட்டிலிருந்து, செஞ்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து கப்பலேறி வந்த கூட்டம் இந்தத் தோட்டத்தில் அதிகம், வந்தவர்கள் தங்கள் அம்மனையும் கூடவே கொண்டு வந்துவிட்டார்கள்.

பூசை முடிந்து சூடத் தட்டு வந்தது. எல்லோரும் கையை நீட்டி ஒற்றிக்கொள்ள, பெரியம்மா மட்டும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். திருநீறு மட்டும் வாங்கிப் பூசிக்கொண்டார். புகை ஆகாது போலிருக்கிறது, மூச்சு இழுப்புக்காரர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள், வெள்ளி

பகலெல்லாம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பசார் போய் மீன் வாங்கினோம், மாமாக் என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் ஆயிற்று, பிறகு வெயிலுக்குப் பயந்து தூக்கம்.

ராத்திரிதான் விஷயம். திருவிழா நாட்களில் கோயிலில் தினமும் கதை உண்டு. சொல்பவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், பிளாஸ்டிக் நாற்காலியும் மைக்கும் ஒரு பிளாஸ்க் கோப்பியுமாக உட்கார்ந்துவிடுவார். நேற்று வரை இராமாயணப் போர், இன்றைக்கு மீட்சிப் படலம். சீதை தீக்குள் இறங்கும் இடம்.

எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அவர் சொன்ன விதத்தில் சில இடங்கள் புதிதாக இருந்தன. இராவணன் செத்தாயிற்று, வீடணன் போய்ச் சீதையை அழைக்கிறான். இப்படியே வருகிறேன் என்கிறாள் அவள். இல்லை, குளித்து அலங்கரித்துக்கொண்டு வரச் சொல்லி உத்தரவு என்று வற்புறுத்துகிறான் வீடணன். சரி என்று பட்டும் நகையுமாக வந்து நிற்கிறாள், குரங்குப் படை, அரக்கர் கூட்டம் எல்லாம் வேடிக்கை பார்க்கிறது, அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் இராமன் வாயைத் திறக்கிறான். வால்மீகியில் அவன் சொல்வது: நான் போரிட்டது என் குலத்தின் பெயருக்காக, உனக்காக இல்லை. பத்துத் திசையும் திறந்து கிடக்கிறது, எங்கே வேண்டுமானாலும் போ. இலக்குவனிடம் போ, பரதனிடம் போ, சுக்கிரீவனிடமோ வீடணனிடமோ போ. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, "அலங்காரம் பண்ணி வரச் சொன்னது இதுக்குத்தானா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். தலைமையாசிரியர் கோபப்படவில்லை. "கேள்வி நியாயமானதுதான் தாயி, சீதையும் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டா" என்றார்.

சீதை கேட்டது இதுதான்: அனுமனை அனுப்பினாயே, அன்றைக்கே சொல்லி அனுப்பியிருக்கலாமே. நான் அங்கேயே உயிரை விட்டிருப்பேன், உனக்கும் உன் ஆட்களுக்கும் இத்தனை பாடு இல்லை. எவ்வளவு கணக்கான கேள்வி. கடலுக்குப் பாலம் போட்டு, படை திரட்டி, அத்தனை பேர் செத்து, எல்லாம் முடிந்த பிறகா உனக்குச் சந்தேகம் வந்தது? இராமனிடமிருந்து இதற்குப் பதில் வரவில்லை. அவள் இலக்குவனைப் பார்த்துச் சிதை அடுக்கச் சொல்கிறாள்.

கம்பன் தன் இராமன் வாயில் இன்னும் காரமாக ஒன்று வைத்திருக்கிறான். அரக்கன் ஊரில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, ஒழுக்கம் போன பிறகும் சாகாமல் இருந்தாயே என்கிறான். அரக்கன் அவளைத் தொட்டானே என்ற பேச்சுக்கே இடம் கூடாது என்று, இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போனதாகக் கதையையே மாற்றிய அதே கம்பன், இங்கே மட்டும் இராமனை ஏன் இப்படிப் பேச விட்டான் என்று எனக்குப் புரியவில்லை. புருஷன் வாயிலிருந்து எந்த அளவுக்கு வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும் போல.

தலைமையாசிரியர் அந்த வரியைச் சொன்னதும் பெரியம்மா எழுந்துவிட்டார். "முதுகு வலிக்குது, வீட்டுக்குப் போலாம்" என்று அண்ணனிடம் சாவியைக் காட்டினார். அண்ணன் மறுபேச்சு பேசாமல் கூட்டிப் போனார். நான் மட்டும் மிச்சத்தைக் கேட்டுவிட்டு வேறொருவர் காரில் வந்தேன். சொல்லப்போனால் அந்த மிச்சத்துக்காகவே உட்கார்ந்திருக்கலாம். தாமரையில் இருக்கிற தன் கோயிலுக்குத் திரும்பிப் போகிறவளைப் போலத் தீயில் பாய்ந்தாளாம், அவள் கற்பின் தீயில் அந்தத் தீ "பாலின் பஞ்சு எனத் தீய்ந்தது". வெந்தது தீ. அக்கினி பகவானே சுட்டுவிட்டது சுட்டுவிட்டது என்று அலறிக்கொண்டு அவளைத் தூக்கி வந்து வெளியே விடுகிறான். கூட்டம் சிரித்தது, கை தட்டியது. அதற்குப் பிறகு வருகிற இன்னொரு கதையையும், ஊர் பேசியதைக் கேட்டுப் பிள்ளைத்தாய்ச்சியைக் காட்டில் விட்டதையும், கம்பன் பாடவே இல்லை, பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டான் என்றார். வண்ணான் சொன்னான் என்கிறோமே, அதுவும் வால்மீகியில் கிடையாதாம், பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. இரண்டாம் முறை ஊரறியச் சத்தியம் பண்ணு என்றபோது சீதை நெருப்புக் கேட்கவில்லை. பூமியைப் பிளக்கச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பெரியம்மா தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, "போய்ப் படு" என்றார்.

மூன்றாம் நாள், சனி

காலையில் அண்ணன் கோலகங்சார் கூட்டிப் போனார், ஒரு மரத்தைக் காட்டுவதற்காக. 1877இல் இங்கே நட்ட முதல் ரப்பர் மரங்களில் மிச்சமிருக்கும் ஒன்று, மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிறது. நம் தாத்தா பாட்டி மாரை எல்லாம் கடல் தாண்டி இழுத்து வந்த மரத்தின் தாத்தா. படம் எடுத்துக்கொண்டேன். மழை பிடித்துக்கொண்டது, திரும்பிவிட்டோம்.

மழை விடவில்லை. அண்ணி உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார், நானும் பெரியம்மாவும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். நேற்று ஏன் எழுந்து வந்தீர்கள் என்று நேரடியாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "உங்கம்மா ஒன்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா?" என்றார்.

சொன்னதில்லை. தாத்தா சயாமுக்குப் போய் வந்தவர் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். மரண ரயில் என்று இன்றைக்கு நாம் சொல்கிறோம், அன்றைக்குத் தோட்டத்தில் சயாம் வேலை என்றுதான் பெயர். தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயட் வரை 415 கிலோமீட்டர், அப்போது மலாயாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான்காரன் காட்டை வெட்டி மலையைப் பிளந்து 1943 அக்டோபருக்குள் தண்டவாளத்தை இணைத்துவிட்டான். வேலைக்கு வெள்ளைக்காரக் கைதிகள் இருந்தார்கள், அவர்களைவிட அதிகமாக நம் ஆட்கள், பர்மாக்காரர்கள், ஜாவாக்காரர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் அள்ளிக்கொண்டும் போனார்கள். காலரா, மலேரியா, கால் புண், அடி, பட்டினி. போனவர்களில் பெரும் பங்கு திரும்பவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து தாத்தாவை 1943 தொடக்கத்தில் கூட்டிப் போயிருக்கிறார்கள், மூன்று மாத வேலை, சாப்பாடும் சம்பளமும் உண்டு என்று சொல்லி. பெரியம்மா அப்போது கைக்குழந்தை.

இனி அவர் சொன்னபடியே.

"மூணு மாசம் மூணு வருசமாச்சு. இங்க அரிசி ஏது? மரவள்ளிக்கெழங்குதான். துணிக்குப் பதிலா சாக்கு. போனவங்கள்ல யாரு செத்தாங்க யாரு இருக்காங்கன்னு ஒரு சேதி கெடையாது. லயத்துல பாதிப் பேரு தாலியக் கழட்டிட்டாங்க. பாட்டி கழட்டல. பெரியவங்க வந்து கழட்டச் சொன்னாங்களாம். நான் பாக்கற வரைக்கும் அவரு சாகலேன்னுருக்கு.

"அப்புறம் வந்தாரு. நாப்பத்தாறுல. எலும்புந்தோலுமா, வலது கால்ல எலும்பு தெரியற மாதிரி புண்ணு. எனக்கு அஞ்சு வயசு, அவரப் பாத்து அலறிக்கிட்டு ஓடுனேன், யாரோ பிச்சக்காரன்னு. ஒரு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் யாரு என்ன சொன்னாங்களோ. ஊரே காஞ்ச கருவாடாக் கெடந்துச்சு, ஒம் பொண்டாட்டியும் புள்ளையும் மட்டும் எப்புடிக் கொழுகொழுன்னு இருந்துச்சுன்னு கேட்ருக்காங்க. அவ வீட்டுல மட்டும் அரிசிக் கஞ்சி கொதிச்சுச்சே, அரிசி எங்கேர்ந்து வந்துச்சுன்னு."

நான் கீரையைக் கீழே வைத்துவிட்டேன். அரக்கன் ஊரில் நன்றாகச் சாப்பிட்டாயே.

"தாத்தா அதத்தான் கேட்டாரு. வேற எதுவும் கேக்கல. அரிசி எங்கேர்ந்து வந்துச்சு? பாட்டி வாயத் தொறக்கல. கோயில்ல பஞ்சாயத்து கூடுனாங்க, கங்காணி, தண்டல், பெரியவங்க எல்லாம். சூடம் அணச்சுச் சத்தியம் பண்ணுன்னாங்க. சின்னக் கட்டி வச்சுருந்தாங்க. பாட்டி அதத் தள்ளிட்டு, தட்டுல இருந்ததுலயே பெருசா ஒண்ண எடுத்து, கொளுத்தி, உள்ளங்கையில வச்சுக்கிட்டு நின்னுச்சு. ஒடனே அணைக்கணும் தெரியுமா, வச்ச சூட்டோட அடிச்சு அணைச்சிருவாங்க. பாட்டி அணைக்கல. எரிஞ்சு முடியற வரைக்கும் வச்சுக்கிட்டே தாத்தா மொகத்தப் பாத்துச்சாம். அப்புறம் போதும் போதும்னு தாத்தாதான் போயிக் கையத் தட்டி விட்டாராம்."

"கை வேகலியா?"

"வேகாம? நெருப்பு நெருப்புதானே ஆயி. பஞ்சு மாதிரிப் போச்சுன்னு அவரு சொல்றாரு மைக்குல. பாட்டி கையில வட்டமா ஒரு தழும்பு, வெள்ளிக்காசு சைசுக்கு. நீ பாத்ததில்ல, நீ பொறக்கறதுக்கு முன்னயே போயிருச்சு."

"அப்புறம் தாத்தா நம்பினாரா?"

"நம்பாமயா அடுத்த வருசம் ஒங்கம்மா பொறந்தா?" என்று சிரித்தார் பெரியம்மா. சிரிப்பு நின்றதும், "ஆனா அன்னேலேர்ந்து நம்ம வீட்டுல சூடம் கொளுத்துனதில்ல. நல்லெண்ணெ வெளக்கு மட்டுந்தான். நீ கவனிச்சதில்லியா?" என்றார்.

கவனித்திருக்கிறேன், காரணம்தான் தெரியாது. எங்கள் வீட்டுச் சாமி மேடையில் சூடம் இருந்ததே இல்லை. சுவரெல்லாம் கரி பிடிக்கும் என்று அம்மா சொல்வார், நானும் அதையே நம்பி, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வீட்டிலும் சூடம் வாங்கியதில்லை. யாராவது கேட்டால் சுவர் கரியாகும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அரிசி எங்கிருந்து வந்தது என்று கடைசியில் கேட்டேவிட்டேன். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன், தாத்தா கேட்ட அதே கேள்வி.

"எனக்கு எப்புடித் தெரியும்? தின்னவ நானு. ருசிகூட ஞாபகமில்ல."

நான்காம் நாள், ஞாயிறு

காலையில் ஆற்றங்கரையிலிருந்து கரகம் வந்தது, கூடவே காப்புக் கட்டியவர்கள், மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை. அறுபது பேர் இருக்கும், ஒன்றிரண்டு பெண்களைத் தவிர எல்லாம் ஆண்கள். அண்ணனும் ஒருவர். அறுபது வயதாகப்போகிறது, இனிப்பு நீர், சர்க்கரை வியாதி வேறு, காலில் புண் வந்தால் ஆறாது என்று அண்ணி நேற்றெல்லாம் சண்டை போட்டும் கேட்கவில்லை.

திரௌபதை சந்நிதியில் முதலில் கூந்தல் முடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஊர்ப்பக்கம் பதினெட்டு நாள் கூத்து கட்டி, மண்ணில் துரியோதனனைப் பெரிதாகப் படுக்கவைத்துப் படுகளம் நடத்தி, அவன் இரத்தம் தொட்டு அம்மன் தலை முடிந்த பிறகே தீமிதி. இங்கே கூத்துக்கு ஆள் இல்லை. சந்நிதி முன்னால் தரையில் மண்ணால் சின்னதாக ஓர் உருவம், குங்குமத் தண்ணீர், பூசாரி அம்மன் கூந்தலை முடிந்து பூ வைக்கிறார். அரை மணி நேரத்தில் பாரதப் போர் முடிந்தது.

சீதை கதையைக் கேட்டுவிட்டு இதைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. திரௌபதையைத் தீயில் இறங்கு என்று எந்தப் புருஷனும் சொன்னதாகத் தெரியவில்லை. அவள் யாகசேனி, வேள்வித் தீயில் பிறந்தவள், அவளுக்கு நெருப்பு தாய்வீடு. சபையில் அவளைப் பணயம் வைத்துத் தோற்ற தருமனுக்கும், பார்த்துக்கொண்டிருந்த மற்ற நாலு பேருக்கும் அவளைச் சோதிக்க என்ன வாய் இருக்கிறது? அவள் கரகமாக முன்னால் போகிறாள், ஆம்பிளைகள் வரிசை கட்டிப் பின்னால் இறங்குகிறார்கள். சின்ன வயதில் இதைப் பார்த்தபோதெல்லாம் இவர்கள் ஏன் இறங்குகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

தாத்தாவும் இறங்கியிருக்கிறார். 1947இல் தொடங்கி, கால் முடியாமல் போகும் வரை, ஒரு வருடம் விடாமல், அந்தப் புண் ஆறிய காலோடு. நேற்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பெரியம்மா இருட்டில் சொன்னது இது. என்ன வேண்டுதல் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, சயாமில் விட்டுவிட்டு வந்தவர்களுக்காக என்று சிலர் நினைத்தார்களாம். பாட்டியும் கேட்டதில்லை. ஆனால் தாத்தா குழியைத் தாண்டி வருகிற இடத்தில், பால் சொம்போடு நின்று அவர் காலில் ஊற்றுவது பாட்டிதானாம், அந்த வேலையை வேறு யாரிடமும் விட்டதில்லையாம்.

சாயங்காலம் ஆறரைக்கு மேல் பூக்குழியைத் தட்டிச் சமமாக்கினார்கள். இருபது அடி நீளம் இருக்கும். அந்தக் காலத்தில் பால்மரக்கட்டைதான் எரியுமாம், இப்போது விறகு லோரியில் காசு கொடுத்து வருகிறது. பத்தடி தள்ளி நின்றும் முகம் காந்துகிறது. மேளம் உச்சத்துக்குப் போய்க் கரகம் இறங்கியது, பின்னாலேயே ஒவ்வொருவராக. சிலர் ஓடினார்கள். ஒரு பையன் பாதியில் தடுமாறி, ஓரத்தில் நின்றவர்கள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அண்ணன் ஓடவில்லை, பசார் நடை நடந்து வந்தார், அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

குழி முடிகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பெரியம்மா உட்கார்ந்திருந்தார், மடியில் பால் சொம்பு. மகன் காலில் ஊற்ற, பாதிப் பால் அவர் புடவையிலேயே கொட்டியது.

பிறகு தீபாராதனை. சூடத் தட்டு வரிசையாக வந்தது. பெரியம்மாவிடம் வந்ததும் பூசாரி தட்டை நீட்டவே இல்லை, இடது கைக்கு மாற்றிக்கொண்டு திருநீற்றை மட்டும் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. முதல் நாளும் அப்படித்தான் நடந்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை. அடுத்தது நான். தட்டை நீட்டினார். என் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எனக்கும் திருநீறு கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

ஐந்தாம் நாள், திங்கள்

அண்ணன் காலில் ஒரு கொப்புளம். ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று நொண்டுகிறார். அண்ணி கிளினிக் கூட்டிப் போயிருக்கிறார், அதனால் ஈப்போ ஸ்டேஷனுக்கு என்னை அண்ணன் மகன்தான் கொண்டுவந்து விட்டான்.

பெரியம்மா ஒரு பை நிறைய முறுக்கு கொடுத்தார். அதற்குள் நாளிதழ்த் தாளில் மடித்த ஒரு பொட்டலம், பூக்குழிச் சாம்பல். "புள்ளைங்க நெத்தியில வச்சு வுடு, வெளக்குப் பக்கத்துல வையி" என்றார். ரயில் தஞ்சோங் மாலிம் தாண்டும்போது பையைத் திறந்தால் பொட்டலம் பிரிந்து முறுக்கின் மேலெல்லாம் சாம்பல். தட்டிவிட்டுச் சாப்பிட்டேன்.